சைலஃபோன் வாசித்த வின்னி கார்பட்

இங்கிலாந்தில் எங்கள் ஹெய்ல்ஸ்பி ஊரின் கடற்கரை மண்டபத்தில் கச்சேரிக்கு இடம் பிடிக்க வருகிறவர்கள், "வின்னி தெரியுற மாதிரி ஒரு இடம் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். முன்வரிசையில் பிடில்காரர்கள் இருப்பார்கள். நடுவில் பியானோவோடு எங்கள் இசைக்குழு நடத்துநர் அப்சலம் இருப்பார். ஆனால் கூட்டத்தின் கண்ணெல்லாம் பின்வரிசையில்தான். அங்கே வின்னி கார்பட் ஒருத்தியாகவே நாலு பேர் வேலையைச் செய்துகொண்டிருப்பாள். முரசு, தட்டு, மணிகள், குளம்படிச் சத்தத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை, ரயில் வரும் இடத்துக்கு விசில், எல்லாவற்றுக்கும் மேலாக, மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்துக் குச்சியால் தட்டி வாசிக்கும் அந்த நீளமான சைலஃபோன். கனத்த உடம்பு அவளுக்கு. இருந்தும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அவள் ஓடும்போது சின்னச் சத்தம்கூடக் கேட்காது. தரையைத் தொடும் கறுப்புக் கவுனுக்கு அடியில் வீட்டுக் கம்பளிச் செருப்பு போட்டிருப்பாள். அது குழுவில் இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அதே குழுவில் செல்லோ என்ற பெரிய பிடில் வாசித்தவள். பகலில் தபால் நிலையக் கவுண்டர், மாலையில் செல்லோ. என் நாற்காலிக்கு நேர் பின்னால் வின்னியின் இடம். அவள் மூச்சு வாங்குவதை வைத்தே அடுத்து எதை அடிக்கப் போகிறாள் என்று சொல்லிவிடுவேன்.

வின்னி பிறந்தது ஹல் நகரத்தில். பேசாத படங்கள் ஓடிய காலத்தில் அவள் அப்பா திரைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் உட்கார்ந்து இடி, மழை, துப்பாக்கி, கண்ணாடி உடைவது எல்லாவற்றையும் கையாலேயே எழுப்பினார். காதல் காட்சிக்கு மணி அடிப்பார், துரத்தல் காட்சிக்கு சைலஃபோன். படங்கள் பேச ஆரம்பித்ததும் அந்தப் பள்ளத்தைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அவர் நிலக்கரி வண்டி ஓட்டப் போனார். முரசுகளையெல்லாம் விற்றார், சைலஃபோனை மட்டும் விற்கவில்லை. அது சமையலறைச் சுவரோரம் நின்றது. வின்னி உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் அதில் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இடித்தால் அந்த இடிக்கும் ஒரு தாளம் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்வாள்.

யுத்தம் வந்ததும் லீட்ஸில் ஒரு குண்டுத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நின்றாள். வானொலியிலிருந்து தினமும் தொழிற்சாலைகளுக்கென்றே மெல்லிசை வரும். கூரையில் மாட்டிய ஒலிபெருக்கியில் அது ஆரம்பித்ததும் நூற்றுக்கணக்கான பெண்கள் கூடவே பாடுவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் தொழிலாளர்களே ஒரு சிறு குழு வைத்து வாசித்தார்கள். வின்னி மேடையில் ஏறி வாசித்தது அங்கேதான் முதல் தடவை. "அந்த மூணு நிமிஷம் முடியறப்போ கை வலிச்சதே ஞாபகமிருக்காது, ஃப்ரீடா" என்று என்னிடம் சொல்வாள். "அதுக்குத்தான் அந்தப் பாட்டு. வேற எதுக்கும் இல்ல. ஆனா அது ஒண்ணும் சின்னக் காரியம் இல்லையே."

யுத்தம் முடிந்த கோடையில் தோழிகளோடு எங்கள் ஊருக்கு விடுமுறைக்கு வந்தாள். மணலில் எர்னி கார்பட் கழுதைச் சவாரி விட்டுக்கொண்டிருந்தான். வின்னி ஏறிய கழுதை நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது. கூட்டம் சிரித்தது.

எர்னி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "எறங்கிடும்மா. உன் எடைக்கு அவன் நகர மாட்டான்."

"என் எடையைப் பத்தி அப்புறம் பேசலாம். காலையில அவனுக்குத் தீனி போட்டியா இல்லையா?"

"வயித்துக்கெல்லாம் குறைச்சலே இல்ல. பேரு அட்மிரல். பேருக்கேத்த திமிரு."

வின்னி குனிந்து அதன் கழுத்தில் இரண்டு கையாலும் மெதுவாக ஒரு தாளம் தட்டினாள். அட்மிரல் காதை ஒருதரம் ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தது.

எர்னி வாயைப் பிளந்துவிட்டான். "இத்தனை வருஷமா நான் சொல்லி ஒரு தடவகூட அவன் கேட்டதில்லையே!"

"நீ தாளம் தப்பாச் சொல்லியிருப்பே."

அடுத்த வசந்தத்தில் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. சைலஃபோன் ரயிலில் வந்து சேர்ந்தது. கடற்கரை மண்டபத்துக் குழுவில் தாளக்காரர் இடம் காலியாக இருந்தது. அப்சலம் அவளை ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இவ்வளவு நாளா எங்கே இருந்தேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அப்சலம் ஒத்திகை நேரத்தில் ஜன்னல் வழியே மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வின்னிக்கென்றே ஒரு சிறு பாட்டு எழுதினார். பெயர் 'மணலில் கழுதைகள்'. முதலில் சிரட்டையில் சோம்பலான நடை. பிறகு சைலஃபோன் கீழிருந்து மேலே ஓடும், சவாரி போகும் குழந்தையின் சிரிப்பு மாதிரி. நடுவில் பிடில்களும் செல்லோவும் சேர்ந்து ஒரு நீண்ட ராகம் பாடும். வெயில் சாய்ந்த பிறகு கடல் இருக்குமே, அப்படி இருக்கும் அது. அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். கழுதை நகர மாட்டேன் என்கிறது. மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு ஒரே பாய்ச்சல். சைலஃபோன் உச்சிக்கு ஏறி முடியும். அந்தப் பாய்ச்சலில் வின்னியின் கைகள் கண்ணுக்குத் தெரியாது. கேட்பதற்கு அவ்வளவு எளிதாக இருக்கும் அந்தப் பாட்டை முதல் ஒத்திகையில் எங்களில் ஒருவராலும் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. கனமான பெரிய இசையில் ஒரு சுரம் தப்பினால் இன்னொருவரின் சத்தத்தில் மறைந்துவிடும். இதில் ஒளிய இடமே கிடையாது.

ஊரில் எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் கட்ஃபோர்த் அம்மாளுக்கு மண்டபத்து இசை என்றாலே முகம் சுளிக்கும். கப்பல் தலைவர்கள் வம்சம், நிமிர்ந்த முதுகு, வெண்கலக் குரல். மீன்கடை வரிசையில் ஒருநாள் வின்னியிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "டீ ஆத்திக் குடிக்கிறவங்களுக்கு நடுவுல டொக்கு டொக்குன்னு தட்டறதுக்குப் பேரு சங்கீதமா, மிஸஸ் கார்பட்?"

"உங்க பாட்டுக்கு நடுவுல டீ குடிக்க முடியாதும்மா, ரொம்ப நீளம். ஆறிப் போயிடும்" என்றாள் வின்னி. வரிசை முழுக்கச் சிரித்தது. கட்ஃபோர்த் அம்மாள் மீனை வாங்காமலே போய்விட்டார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆகஸ்டில் லண்டன் வானொலிக்காரர்கள் எங்கள் கச்சேரி ஒன்றை நேரடியாக நாடு முழுக்க ஒலிபரப்பப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமை மதியம், கடைசிப் பாட்டு 'மணலில் கழுதைகள்'. அந்த வாரம் எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. விடுதிக்காரிகள் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டார்கள், வானொலியில் அது தெரியாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காற்று திரும்பியது. புதன்கிழமை அதிகாலை கடல் பொங்கி, கரைச் சுவரைத் தாண்டி வந்து மண்டபத்தின் கீழ்க் கிடங்குக் கதவை உடைத்தது. நாற்காலிகள், பழைய திரைகள், முரசுகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தன. சைலஃபோனின் சட்டம் இரண்டாக முறிந்திருந்தது. மரக்கட்டைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு அலையோடு போய்விட்டன.

வின்னி முழங்கால் தண்ணீரில் நின்று அந்தச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. "கட்டை மிதக்கும்" என்றாள். "தேடுங்க."

ஊரே கடற்கரைக்கு இறங்கியது. விடுமுறைக்கு வந்தவர்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு பாசிக்குள் துழாவினார்கள். எர்னி கழுதைகளின் முதுகில் கூடைகளைக் கட்டிக்கொண்டு பாறை முனைவரை போய்வந்தான். ஒவ்வொரு கட்டையாகக் கிடைக்கக் கிடைக்க வின்னி நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித் தன் சமையலறையில் வரிசையாக அடுக்கினாள். மாலைக்குள் மூன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. காணாமல் போன மூன்றும் மேல் சுரக் கட்டைகள். அந்தச் சிரிப்பு ஓட்டத்தின் உச்சியே அவைதான்.

வியாழக்கிழமை லண்டனிலிருந்து பெல்லாமி என்ற நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்தார். நல்ல மனிதர், மெலிந்த குரல், விலையுயர்ந்த மழைக்கோட்டு. ஊர்ப் பெரியவர்கள் மண்டபத்தில் அவருக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். கட்ஃபோர்த் அம்மாளும் வந்திருந்தார். கடமை என்றால் அவர் தவற மாட்டார். பெல்லாமி லண்டனுக்கு டெலிபோன் போட்டு விசாரித்தார். அங்கே உபரியாக இருந்த சைலஃபோன் ஒரு குழுவோடு ஸ்காட்லாந்து போயிருந்தது, சனிக்கிழமைக்குள் வராது.

"அதனாலென்ன, கவலைப்படாதீங்க" என்றார் அவர் அப்சலத்திடம். "அந்த இடத்துல ஒரு வால்ட்ஸ் நடன மெட்டு வாசிச்சுடுங்க. எதுன்னாலும் பரவாயில்ல. சனிக்கிழமை மத்தியானம் யாரு உன்னிப்பாக் கேக்கப் போறாங்க? பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கற பாட்டுதானே."

அப்சலம் காதுவரை சிவந்துபோனார். வின்னி பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தாள்.

"பாத்திரம் கழுவறவங்களுக்குக் காது இருக்கு சார்" என்றாள். "சனிக்கிழமை அந்தப் பாட்டு உண்டு."

"எப்படி, மிஸஸ் கார்பட்? கட்டையே இல்லையே?"

"அது என் கவலை."

கட்ஃபோர்த் அம்மாள் தேநீர்க் கோப்பையைத் தட்டின்மேல் வைத்தார், 'ணங்' என்று கேட்டது. எழுந்து போய்விட்டார்.

எங்கள் ஊர்த் தச்சர் டவ்சன் படகும் கட்டுவார், சவப்பெட்டியும் செய்வார். முறிந்த சட்டத்தை ஏற்கெனவே இரும்புப் பட்டை போட்டு இணைத்துவிட்டிருந்தார். "கட்டை அறுக்கிறதெல்லாம் ஒரு வேலையே இல்ல வின்னி" என்றார். "ஆனா ஓக் மரத்துல அறுத்தா மேசையத் தட்டுன மாதிரித்தான் கேக்கும். நல்ல முத்தின ஈட்டி மரம் வேணும்."

செய்தி பரவியது. ஈட்டி மரம் தங்கள் வீட்டில் இருப்பதாக எங்கள் ஊரில் இத்தனை பேர் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்காலி, அலமாரிக் கதவு, பெட்டி, கடிகாரக் கூடு என்று டவ்சனின் பட்டறைக்கு ஊர்வலமே வந்தது. டவ்சன் ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் ஒரு கீறல் போடுவார், பார்ப்பார், தலையை ஆட்டுவார்.

"மேல ஒட்டின மெல்லிசுப் பலகைதான் ஈட்டி. உள்ள வெறும் பைன் மரம்."

"என்னய்யா சொல்றே? எங்க மாமியார் சீதனமாக் கொண்டுவந்தது!"

"மாமியார் ஏமாந்திருக்காங்க. அடுத்தது யாரு?"

மருத்துவர் வீட்டுப் புத்தக அலமாரி பைன். மேயர் வீட்டு அலமாரி பைன். ஒரு விடுதிக்காரி தன் பெட்டியைக் கீற விடாமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தெரியாமல் இருப்பதே மேல் என்று நினைத்திருப்பாள். டவ்சன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து வின்னிகூடச் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. கட்ஃபோர்த் அம்மாளே அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் சின்ன வட்ட மேசை ஒன்று, தலைகீழாக. அவருடைய பாட்டனார் மலபார் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. டவ்சன் அடியில் கீறினார். கரும் ஊதா நிறம் உள்ளேயும் அப்படியே ஓடியது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அது பாடியது.

"இதை அறுத்துடலாமாம்மா?" டவ்சனுக்கே மனசு வரவில்லை.

"பின்ன எதுக்குக் கொண்டுவந்தேன்? உனக்குக் காட்டிட்டுப் போகவா?"

வின்னி கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்தாள். "உங்களுக்குத்தான் எங்க பாட்டு பிடிக்காதேம்மா."

"இன்னும் பிடிக்கலை" என்றார் கட்ஃபோர்த் அம்மாள். "அது டொக்கு டொக்குன்னு தட்டறதுன்னு நான் சொல்லலாம். நான் இந்த ஊர்க்காரி. லண்டன்லேருந்து வந்தவன் நம்ம ஊர் டீயைக் குடிச்சுக்கிட்டே அதைச் சொல்லக் கூடாது."

வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க அந்தப் பட்டறையில்தான் இருந்தோம். நான் செல்லோவில் கீழ் ஸ்தாயியில் சுரத்தைப் பிடித்துக் கொடுப்பேன். டவ்சன் சீவுவார். வின்னி தட்டிப் பார்ப்பாள். கட்டையின் அடியில் நடுவே சீவினால் சுருதி இறங்கும், முனையில் சீவினால் ஏறும். அதிகமாகப் போய்விட்டால் திரும்ப ஒட்ட முடியாது. கட்ஃபோர்த் அம்மாள் வீட்டுக்குப் போகாமல் சவப்பெட்டி மூடி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"சரியா இருக்கு" என்றாள் வின்னி, இரண்டாவது கட்டையைத் தட்டிவிட்டு.

"இல்ல. ஒரு மயிரிழை ஏத்தமா நிக்குது" என்றார் கட்ஃபோர்த் அம்மாள்.

வின்னி கண்ணை மூடி மறுபடி தட்டினாள். "ஆமா" என்றாள். "நிக்குது."

டவ்சன் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். வின்னி தட்டினாள். அவளும் கட்ஃபோர்த் அம்மாளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டவ்சன் மூன்றாவது கட்டையை எடுத்தார்.

சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. வெளியே சுவர்மேலும் படிகளிலும் ஆட்கள். மணலில் கழுதைகளோடு நின்ற எர்னிக்கு, ஒரு சத்தம் வரக் கூடாது என்று கடுமையான உத்தரவு. ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மார்ச் நடை இசை, ஒரு வால்ட்ஸ், கடல் பாட்டுகள் சேர்த்துக் கட்டிய ஒரு மாலை, எல்லாம் நன்றாகப் போயின. கடைசியாக அப்சலம் பின்வரிசையைப் பார்த்துத் தலையசைத்தார். என் பிடரியில் வின்னியின் மூச்சு பட்டது. நிதானமாக இருந்தது.

சிரட்டை நடந்தது. பிறகு அந்தச் சிரிப்பு ஓட்டம். பழைய கட்டைகளும் புதிய கட்டைகளும் வேறு வேறு மரம் என்று யாராலும் சொல்ல முடியாது. மேசையாக இருந்த மரம் அந்த உச்சியில் கண்ணாடி மணி மாதிரிப் பேசியது. நடு ராகத்தை நாங்கள் அதற்குமுன் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. பிறகு எல்லாம் நின்றது. கழுதை நகர மாட்டேன் என்கிற இடம். அந்த நிசப்தத்தில் மணலிலிருந்து அட்மிரல், வயிற்றின் அடியிலிருந்து குரலெடுத்து, நீட்டி முழக்கிக் கத்தியது.

மண்டபம் வெடித்துவிடும்போல் இருந்தது. எல்லோரும் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அப்சலத்தின் கை காற்றில் நின்றது. அவர் வின்னியைப் பார்த்தார். வின்னி குச்சிகளை உயர்த்தியபடியே, அட்மிரல் முழுசாக முடிக்கும்வரை காத்திருந்தாள், பக்கத்தில் இன்னொரு வாத்தியக்காரர் தனி வாசித்து முடிப்பதற்குக் காத்திருப்பதுபோல. அது மூச்சு விட்டதும் வாசிப்பில் இறங்கினாள். அந்தப் பாய்ச்சலை நான் இன்னும் மறக்கவில்லை. கடைசிச் சுரம் விழுந்ததும் எழுந்த கைதட்டல் சிவப்பு விளக்கு அணைந்த பிறகும் ஓயவில்லை. கட்ஃபோர்த் அம்மாள் மூன்றாவது வரிசையில் நிமிர்ந்த முதுகோடு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டினார்.

எர்னி வெளுத்த முகத்தோடு ஓடிவந்தான். "என்னை மன்னிச்சுடு வின்னி! கயித்த இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன்!"

"எதுக்கு மன்னிப்பு? சரியான இடத்துலதானே வந்தான்."

பெல்லாமி அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸஸ் கார்பட், இதை யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன். லண்டன்ல எங்க டெலிபோன் ஓயமாட்டேங்குதாம். அந்தக் கழுதைக் குரலை எந்தக் கருவியில எழுப்பினீங்கன்னு கேக்கறாங்க."

"ரொம்பப் பழைய கருவி சார். தினமும் ரெண்டு வேளை தீனி போடணும்."

அடுத்த வாரம் தபால் நிலையத்தில் வின்னிக்காக நான் வகைபிரித்த கடிதங்களைச் சொல்லி முடியாது. 'கழுதைகள் வாசித்த பெண், யார்க்ஷயர் கடற்கரை' என்று மட்டும் எழுதியிருந்தாலும் வந்து சேர்ந்தன. ஒரு மருத்துவமனை வார்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தது. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி, தன் கணவர் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார் என்று எழுதியிருந்தாள். அதை வின்னி என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

அடுத்து இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அழைத்தது. அப்சலமும் வின்னியும் லண்டன் போனார்கள். நாட்டின் மிகச் சிறந்த வாத்தியக்காரர்கள் நிறைந்த கூடத்தில், வின்னி தன் சொந்த சைலஃபோனில், கம்பளிச் செருப்போடு வாசித்தாளாம். முடிந்ததும் பிடில்காரர்கள் வில்லால் இசைக் குறிப்புத் தாங்கிகளைத் தட்டினார்கள். அவர்கள் கைதட்டும் முறை அதுதான். நிரந்தரமாக அங்கேயே வந்துவிடும்படி கேட்டார்கள். "குளிர்காலத்துல வர்றேன். கோடையில எனக்கு எங்க ஊர்ல வேலை இருக்கு" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. குளிர்காலம் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்கள், கோடை முழுக்க ஹெய்ல்ஸ்பி. எங்கள் மண்டபத்துக்கு வருஷா வருஷம் வானொலி வந்தது. குழு இரு மடங்கானது. இன்றைக்கும் ஒவ்வொரு வசந்தத்திலும் அதில் ஓர் இடத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி நடக்கிறது.

முதல் இசைத்தட்டு தபாலில் வந்த நாளில் நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டின் நடுவில் பாட்டின் பெயருக்கும் அப்சலத்தின் பெயருக்கும் கீழே, 'சைலஃபோன்: வின்னிஃப்ரெட் கார்பட்' என்று அச்சாகியிருந்தது. எர்னி அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்து வைத்துப் படித்தான். கிராமஃபோனை ஜன்னல் பக்கம் தள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்டான். தெருவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். வின்னி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டாவது ஓட்டத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றாள் முடிந்ததும்.

"உனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுது" என்றேன்.

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "ஆனாலும் நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றாள். "எர்னி, அதை இன்னொரு தடவ போடு. சத்தமா."